கள்ளுக்கடைக்குப் போன ஆர்மோனியப் பெட்டி

என்னை அந்த வீட்டில் கொண்டுவந்து விட்டபோது எனக்கு நாலு வயது இருக்கும் என்று சொன்னார்கள். சரியாகத் தெரியாது. காலராவில் அப்பனும் அம்மாளும் போய்விட்டார்கள். மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்து, பிறகு உபதேசியார் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாட்டு வண்டியில் வந்தேன். அது நினைவிருக்கிறது. அதற்கு முந்தி ஒன்றும் இல்லை. அப்பன் முகமும் இல்லை, அம்மாள் முகமும் இல்லை. இல்லாததை நினைத்து அழ எனக்கு வரவில்லை.

ஊர் சேந்தமங்கலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில். கிழக்கே கொல்லிமலை, மற்றப் பக்கமெல்லாம் மேட்டுக்காடு. சேரியில் முப்பது வீடு. அதில் பாதி கிறிஸ்தவ வீடுகள், வேதக்காரர்கள் என்பார்கள். உபதேசியார் என்றால் பாதிரியார் இல்லை. பாதிரி வராத ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபம் நடத்துவார், மற்ற நாளில் சுற்றுப்பட்டி ஊர்களுக்கு நடந்து போய்ப் பிரசங்கம் பண்ணுவார். வேலை மிஷன் கொடுத்தது. கோயிலை ஒட்டியிருந்த ஓட்டு வீடும் மிஷன் கொடுத்தது. வேலை போனால் வீடும் போகும்.

மாதா மாதம் என் பேரில் மிஷனிலிருந்து ராகி வந்தது. வருஷத்துக்கு இரண்டு துணி. மிஷன் புத்தகத்தில் அந்த வீட்டுப் பேர்களுக்குக் கீழே என் பேரும் இருந்தது, பக்கத்தில் 'வளர்ப்பு' என்று எழுதியிருந்தது. அந்த வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்களுக்கு ஒரு மகள். என்னைவிட மூன்று வயது பெரியவள். அடித்தால் இரண்டு பேரையும் அடித்தார்கள், சோறு போட்டால் இரண்டு பேருக்கும் போட்டார்கள். உபதேசியாரை எல்லாரையும் போல நானும் ஐயா என்றேன். அவர் மனைவியை எல்லாரையும் போல உபதேசியம்மா என்றேன். வேறு மாதிரிக் கூப்பிடு என்று யாரும் சொல்லவில்லை.

இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான்.

கோயிலில் தரையில் வைத்து வாசிக்கிற ஆர்மோனியப் பெட்டி ஒன்று இருந்தது. சேலத்து வெள்ளைக்காரத் துரைசானி கொடுத்தது. உபதேசியார் மகளுக்கு அவரே வாசிக்கக் காட்டிக்கொடுத்தார். துருத்தி பழசு, ஒரு கைக்கு இழுபடாது. அதனால் என்னை எதிர்ப்பக்கம் உட்காரவைத்துத் துருத்தி போடச் சொன்னார்கள். அக்காள் இரண்டு கையாலும் கட்டைகளை அழுத்துவாள், நான் காற்றடிப்பேன். ஏழெட்டு வருஷம் அப்படி நடந்தது. துருத்தி போடுகிறவளுக்கு வேறு வேலை இல்லை. அவள் விரலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அக்காளை ஆத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தொட ஆள் இல்லை. நான் வாசிக்கிறேன் என்றேன். எல்லாப் பாட்டும் எனக்குத் தெரியும். ஆனால் நான் பார்த்ததெல்லாம் எதிர்ப்பக்கத்திலிருந்து. அக்காள் இடத்தில் உட்கார்ந்தால் கட்டை எதுவும் பிடிபடவில்லை. எழுந்து என் பழைய இடத்துக்கே போனேன். துருத்திப் பக்கத்திலிருந்தே கையை நீட்டி, பெட்டியின் மேலாக வளைந்து வாசித்தேன். பக்கத்தில் ஒரு பெண் துருத்தி போட முடியாமல், கைக்கு இடமில்லாமல் தவித்தது. சபை சிரித்தது. 'தலைகீழ்ப் பொட்டிக்காரி' என்று பேர் வந்தது. அந்த மழைக்காலம் முழுக்க அப்படியே வாசித்தேன். பிறகு செருப்புத் தைக்கிறவர் ஒருவர் துருத்திக்குப் புதுத்தோல் போட்டுக்கொடுத்தார். ஒரு கைக்கு வந்தது. வார நாட்களில் ஆளில்லாத கோயிலில் உட்கார்ந்து, பெட்டியைத் திருப்பி வைத்து, முதலிலிருந்து பழகினேன். பேர் மட்டும் மாறவில்லை.

எங்கள் சபையில் பாட்டு காதால்தான் வரும். புத்தகம் பார்த்துப் பாடுகிறவர்கள் நாலு பேர். மற்றவர்களுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் முதலில் நான் பெட்டியில் ஒரு சரணம் வாசிப்பேன். அதுவரை எல்லாரும் சும்மா இருப்பார்கள். பிறகு உபதேசியார் ஒரு அடி எடுத்துக்கொடுப்பார். சபை அதைத் திருப்பிப் பாடும். அடுத்த அடி. திரும்பவும் சபை. அவர் கொடுக்காமல் ஒரு அடியும் யாரும் பாடமாட்டார்கள். அப்படித்தான் வழக்கம்.

எனக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயதில் கள்ளுக்கடை மறியல் வந்தது.

எங்கள் தெருவில் ஒருத்தி இருந்தாள். வேதக்காரிதான். கோயிலில் என் பெட்டிக்குப் பக்கத்தில்தான் எப்போதும் உட்காருவாள். அவள் புருஷன் குடிக்கிறவன். குடத்தைக் கொண்டுபோய்க் கடையில் வைத்தான், உலக்கையை வைத்தான். ஒரு நாள் வீட்டுக் கதவைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். அதன் பிறகு அவள் வாசலில் ஓலைத் தட்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு தூங்கினாள். நாய் தட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். அதை அவளே சொல்லிச் சிரிப்பாள்.

நாமக்கல்லிலிருந்து கதர்க்காரர் ஒருவர் வந்து பெண்களிடம் பேசினார். கடை முன்னால் உட்காருங்கள், கல் எறியாதீர்கள், திட்டாதீர்கள், பாடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்குத் தெரிந்தது இரண்டு பாட்டுத்தான். ஒன்று கோயில் பாட்டு, இன்னொன்று ஒப்பாரி. ஒப்பாரி வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். கடலைக்காட்டில் களை எடுத்துக்கொண்டே அந்தக் கதவில்லாத வீட்டுக்காரி சொற்களைக் கட்டினாள்.

கள்ளுப் பானை ஒடையட்டும்
எங்க சோத்துப் பானை பொங்கட்டும்

என்று ஆரம்பிக்கும். ராகம் அறுப்புப் பண்டிகைக்குப் பாடுகிற கோயில் பாட்டின் ராகம். அதுதான் எல்லாருக்கும் தெரியும். பெட்டியோடு நானும் வரவேண்டும் என்று கேட்டாள்.

எனக்குத் தேசத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. கதவில்லாத வீட்டைத் தெரியும். சரி என்றேன்.

பெட்டி கோயில் வாசலைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். கலியாண வீட்டுக்குக்கூடக் கொடுத்ததில்லை. உபதேசியார் செவ்வாய் முதல் வெள்ளி வரை வெளியூரில் இருப்பார். செவ்வாய்க்கிழமை காலையில் நான் பெட்டியைத் தூக்கினேன். உபதேசியம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். எழுந்து உள்ளே போய்ப் பழந்துணி ஒன்றைச் சுருட்டிச் சும்மாடு செய்து என் தலையில் வைத்தார். பெட்டிக்கு ஒரு கை கொடுத்து ஏற்றிவிட்டார். திரும்பவும் உட்கார்ந்து புடைத்தார்.

கடை ஊருக்கு வெளியே பனைமரங்களுக்கு நடுவில். கீற்றுக் கொட்டகை. பதினெட்டுப் பெண்கள் போய் உட்கார்ந்தோம். நான் பெட்டியைப் பிரித்தேன். கடைக்காரன் வெளியே வந்து இடுப்பில் கை வைத்து நின்றான்.

"ஏனுங்க அம்மிணி, கோயல் பொட்டியெல்லாம் கொண்டாந்திருக்கறீங்க. எனக்கு ரண்டாங் கலியாணமுங்களா?" என்றான்.

கதவில்லாத வீட்டுக்காரி சொன்னாள்: "கலியாணம் இல்லீங்க. உங்க கடைக்குக் கருமாதிங்க. சோறு போடுவீங்களா?"

உள்ளே குடித்துக்கொண்டிருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். அவள் புருஷனும் சிரித்தான்.

உபதேசியார் வெளியூரில் இருக்கிற நாளெல்லாம் போனோம். அங்கே அடி எடுத்துக்கொடுக்க ஆள் இல்லை. நான் கட்டையைத் தொட்டதும் பெண்கள் பாட ஆரம்பித்துவிடுவார்கள். முதல் நாள் பாடும்போது வெட்கப்பட்டார்கள். மூன்றாம் நாள் பிள்ளைகள் வந்து சேர்ந்துகொண்டன. ஐந்தாம் நாள் கடைக்குள் இருக்கிற ஆண்கள் பாட்டுக்குத் தொடையில் தாளம் போட்டார்கள். ஒரு நாள் சாணியைக் கரைத்து எங்கள் மேல் ஊற்றினார்கள். கழுவிக்கொண்டு உட்கார்ந்தோம். ஒரு நாள் போலீஸ்காரர் வந்து பேர்களைக் கேட்டார். சொன்னோம். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் பெட்டியைத் துடைத்துக் கோயிலில் வைத்துவிடுவேன். இரண்டு வாரம் இப்படி.

உபதேசியாருக்கு மறியல் நடப்பது தெரிந்திருந்தது. ஊரே பேசியது. நான் போவதும் தெரிந்திருக்கும். என்னை எதுவும் கேட்கவில்லை. எந்த ராகத்தில் பாடுகிறோம் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை இராப்போசனத்து அப்பமும் ரசமும் கொடுக்கச் சேலத்திலிருந்து துரை வருவார். மிஷனை நடத்துகிற வெள்ளைக்காரப் பாதிரி. தமிழ் நன்றாகத் தெரிந்தவர். இரண்டாவது வாரத்து ஞாயிற்றுக்கிழமை வந்தார். கோயில் நிறைந்திருந்தது. துரைக்குப் பிடித்த பாட்டு என்று உபதேசியார் அந்த அறுப்புப் பண்டிகைப் பாட்டைச் சொன்னார். நான் அப்போதே வேறு ராகம் எடுத்திருக்கலாம். தோன்றவில்லை. அவர் சொன்னதை வாசித்துத்தான் பழக்கம்.

முதல் கட்டையை அழுத்தினேன். சபை பாடிவிட்டது.

உபதேசியார் வாயைத் திறக்கவே இல்லை. முன்னால் தரையில் இருந்த பிள்ளைகள் தொடங்கின. பிறகு பெண்கள். பிறகு ஆண்கள். இரண்டு வாரம் கடைக்குள் உட்கார்ந்து கேட்டவர்கள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடினார்கள். கள்ளுப் பானை உடையட்டும், சோற்றுப் பானை பொங்கட்டும் என்று கோயில் முழுக்கக் கேட்டது. பாட்டை நடுவில் விட எனக்குத் தெரியாது. கை போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொருவராகப் புரிந்து நிறுத்தினார்கள். காது மந்தமான பெரியவர் ஒருவர் மட்டும் தனியாகக் கடைசி அடி வரை பாடி முடித்தார்.

துரை கையில் இருந்த புத்தகத்தை மூடினார். பிறகு மூன்றாம் பக்கத்தைத் திறந்து ஜெபத்தை ஆரம்பித்தார். இராப்போசனம் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார்.

வெளியே வந்ததும் கதவில்லாத வீட்டுக்காரி என் காதருகே, "தொரைக்குப் புடிச்சுதுங்களா, பொட்டிக்காரி?" என்றாள்.

எங்களைச் சின்ன அறைக்குக் கூப்பிட்டார்கள். துரை, உபதேசியார், நான். துரை சத்தம் போடவில்லை. மிஷன் ஊழியர்களோ அவர்கள் வீட்டு ஆட்களோ இந்தக் கிளர்ச்சியில் சேரமாட்டார்கள் என்று சர்க்காருக்குத் தாம் எழுதிக்கொடுத்திருப்பதாகச் சொன்னார். போலீஸ் எழுதிக்கொண்டு போன பேர்களில் முதல் பேர் என்னுடையது என்றும் சொன்னார்.

"நான் கோபமாக இல்லை. ஆனால் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாம் திரும்ப வருவதாகவும், நான் சபைக்கு முன்னால் நின்று செய்தது தவறு என்று சொல்லவேண்டும் என்றும் சொன்னார். சொன்னால் எல்லாம் முடிந்தது. சொல்லாவிட்டால் உபதேசியாரை வேலையில் வைத்துக்கொள்ள முடியாது. பெட்டிக்கு அன்றே பூட்டுப் போட்டார்கள்.

உபதேசியாருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயதுக்கு மேல். கால் வீக்கம் உண்டு. வேறு வேலை தெரியாது. காடு இல்லை, மாடு இல்லை. அந்த வீட்டை விட்டால் போக இடம் இல்லை. மகள் வீட்டில் மாமியார் ஒரு மாதிரி.

நான் தவறு என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை. ஆனால் சபையில் பாதிப் பேர் என்னோடு உட்கார்ந்தவர்கள். நான் தவறு என்றால் நாங்கள் பதினெட்டுப் பேரும் செய்தது தவறு. வீட்டில் போய்ப் புருஷன்மார் அதைச் சொல்லிச் சொல்லியே அடிப்பார்கள். கடைக்காரனுக்குச் சாயங்காலமே சேதி போய்விடும்.

அந்த வாரம் உபதேசியார் வெளியூர் போகவில்லை. வியாழக்கிழமை நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் நின்றார்.

"நான் உன்னைக் கேக்கமாட்டேன் சாமி" என்றார். "நான் கேட்டா நீ சொல்லிப்போடுவே. அதனால கேக்கலே."

நான் அரைத்துக்கொண்டே இருந்தேன். அவர் திரும்பிப் போனார்.

வெள்ளிக்கிழமை இரவே துரை வந்து பயணியர் பங்களாவில் தங்கியிருந்தார். நான் ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கவில்லை. சனிக்கிழமை காலையிலேயே நடந்து போய் அவர் முன்னால் நின்றேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தேன். நான் அந்த வீட்டுப் பெண் இல்லை. மிஷன்தான் என்னை அங்கே வைத்தது. மிஷன் புத்தகத்திலேயே வளர்ப்பு என்று இருக்கிறது. எனக்கு வயது வந்துவிட்டது. அந்த வீட்டிலிருந்து என் பேரை எடுத்துவிடுங்கள். நான் வேறு இடத்துக்குப் போய்விடுகிறேன். அப்புறம் நான் எங்கே உட்கார்ந்தாலும் நீங்கள் போட்ட கையெழுத்து பொய்யாகாது. இவ்வளவுதான் சொன்னேன்.

வீட்டாரிடம் கேட்கவேண்டும் என்றார் துரை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு என்னோடு நடந்தே வந்தார். வெயில் ஏறிவிட்டது.

உபதேசியார் கயிற்றுக் கட்டிலில் இருந்தார். துரையைக் கண்டதும் எழுந்தார். துரை நான் சொன்னதை அப்படியே சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பிறகு, "இந்தப் பெண் உங்கள் வீட்டுப் பிள்ளை இல்லை என்கிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

உபதேசியார் என்னைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். இல்லை, அவள் எங்கள் பிள்ளைதான் என்று அவர் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று நான் பயந்தேன். சொல்லமாட்டாரா என்றும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் இருந்தது.

உபதேசியம்மா சமையல்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர்தான் பேசினார்.

"பெத்ததில்லீங்க தொரை. அது நெசந்தானுங்க."

துரை கட்டிலின் ஓரத்தில் புத்தகத்தை வைத்து எழுதினார். என் பேரின் மேல் ஒரு கோடு. பக்கத்தில் 'வீட்டில் இல்லை' என்று இரண்டு சொல். உபதேசியாரிடம் பேனாவைக் கொடுத்தார். அவர் கையெழுத்துப் போட்டார். வீடு தப்பியது. வேலையும் தப்பியது.

எனக்கு உதவி செய்யத்தான் உபதேசியம்மா அப்படிச் சொன்னாரா, வீட்டைக் காப்பாற்றச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டதில்லை. இரண்டுக்கும் அதே பதில்தான். வேறு மாதிரிச் சொல்லியிருக்க முடியாது.

துரை போன பிறகு உபதேசியம்மா எனக்குச் சோறு போட்டார். சாப்பிட்டேன். இரண்டு புடவையை மடித்துக்கொண்டு தெருவைக் கடந்து கதவில்லாத வீட்டுக்குப் போனேன். இருபது எட்டு எடுத்து வைக்கிற தூரம். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அந்த வீட்டுக்காரி தட்டியை நகர்த்தி, "வா. நாய்க்குத் தொணையாச்சு" என்றாள்.

மறுநாள் கோயில் பக்கம் போகவில்லை. பெட்டி இல்லாமல் அவர்கள் பாடுவது கேட்டது. உபதேசியார் ஒரு அடி எடுத்துக்கொடுத்தார். சபை திருப்பிப் பாடியது. சுருதி கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. தட்டி நிழலில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டே கேட்டேன்.

பிறகு நடந்தது எல்லாம் பெரிதாகச் சொல்ல இல்லை. கதர்க்காரர்கள் வேறு பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். கழுத்தில் துணி கட்டித் தொங்கவிட்டு நடந்துகொண்டே வாசிக்கப் பழகினேன். ராசிபுரம், பரமத்தி வேலூர், திருச்செங்கோடு என்று ஊர்வலங்களில் முன்னால் நடந்தேன். ஆறு மாதம் வட ஆற்காட்டு வேலூர் ஜெயிலில் இருந்தேன். அங்கே பெட்டி இல்லை. வெளியே வந்தபோது விரல் மறந்திருந்தது, ஒரு வாரத்தில் திரும்பியது. பிறகு சேலத்துக்குப் போய்விட்டேன். மில் வாசலில் கூட்டம் போட்டால் பேச்சுக்கு முந்தி பாட்டு வேண்டும். அதற்கு என்னைக் கூப்பிட்டார்கள். அதுவே பிழைப்பாகிவிட்டது. ராகம் எல்லாம் கோயில் ராகம். எனக்கு வேறு தெரியாது. கேட்டவர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஜில்லா முழுக்கக் கடைகளை மூடினார்கள். உலகச் சண்டைக் காலத்தில் திரும்பத் திறந்தார்கள். மூடியபோது தெருவில் குதித்தார்கள். நானும் வாசித்தேன். திறந்தபோது யாரும் கூப்பிடவில்லை.

சேலத்துக்குப் போன இரண்டாம் வருஷம் ஒரு நாள் அந்த ஊருக்குப் போனேன். உபதேசியாருக்குக் கால் மோசம் என்று கேள்விப்பட்டேன். பகலில்தான் போனேன். அவர் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. எழுப்பவேண்டாம் என்று சைகை காட்டினேன். உபதேசியம்மா இளைத்திருந்தார்.

"வாங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒறம்பரை என்று விருந்தாளி வந்தால் முதலில் வாங்க என்று சொல்லி, ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் மற்றப் பேச்சு. வீட்டு ஆட்களுக்குக் கொடுக்கமாட்டார்கள். அவர் உள்ளே போய் நல்ல சொம்பாக எடுத்துத் துலக்கித் தண்ணீர் கொண்டுவந்தார். இரண்டு கையாலும் நீட்டினார். நான் குடித்து முடிக்கிற வரை நின்றார்.

தண்ணீர்ப் பானை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதே மூலையில்தான் இருந்தது. நானே போய் மொண்டு குடித்திருக்கலாம். போகவில்லை. சொம்பைக் கீழே வைத்தேன். மகள் சௌக்கியமா என்று கேட்டேன். சௌக்கியம் என்றார். மழை உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்தேன். பஸ் வர இன்னும் வெகுநேரம் இருந்தது. ரோட்டில் புளியமரத்தடியில் நின்றேன்.